ஸ்கீ விளிம்பை வீட்டிலேயே தீட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்டாரியோவில் பனிச்சறுக்குப் பழகியவர்களுக்குத் தெரியும், நமக்கு வாய்க்கிற பனி மெத்தை மாதிரி இருக்காது. பகலில் இளகி இரவில் இறுகிப்போன பனி, இயந்திரம் பீய்ச்சியடித்த செயற்கைப் பனி, ஆட்கள் சறுக்கிச் சறுக்கி மேற்பரப்பு போனதும் அடியிலிருந்து தலைகாட்டுகிற ஐஸ். புளூ மவுண்டனிலோ, கியூபெக் பக்கம் போனால் மோன் ட்ராம்ப்ளானிலோ, ஜனவரிக் காலையில் அப்படியொரு சரிவில் நிற்கும்போது காலடியில் இருக்கிற இரண்டு மில்லிமீட்டர் இரும்புதான் நம்மைத் தாங்குகிறது. அது மழுங்கிக் கிடப்பது தெரியாமல், "எனக்கு இது சரிவராது" என்று ஸ்கீயைக் கழற்றி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருக்குத் தேவைப்பட்டது தீட்டிய விளிம்பு, அவ்வளவுதான். எனக்கு அது இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

ஒவ்வொரு குளிர்காலமும் ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக் கராஜுக்கு வருகிற நண்பர்களும் சொந்தக்காரர்களும் கேட்ட கேள்விகள் இவை. பதில்கள் பல வருடக் கைப்பழக்கத்தில் வந்தவை.

விளிம்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஸ்கீயைக் கவிழ்த்து வையுங்கள். பனியில் உரசுகிற பகுதி ஒரு வகைப் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். அதன் இரண்டு ஓரத்திலும் முனையிலிருந்து வால்வரை வெள்ளிக்கோடு போல ஓடுவது எஃகு. அதுதான் விளிம்பு. அதற்கு இரண்டு முகம் உண்டு. பனியைப் பார்த்திருப்பது அடி முகம். வெளிப்பக்கம் பார்த்திருப்பது பக்க முகம். இரண்டும் சேர்கிற மூலைதான் ஐஸைக் கடிக்கிறது. கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் இந்த இரண்டு பெயரும் வேண்டும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்ப கால ஸ்கீகளில் இரும்பு கிடையாது, வெறும் மரம். 1920-களின் பிற்பாதியில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர் துண்டு துண்டான எஃகுப் பட்டைகளை மரத்தின் ஓரத்தில் திருகாணியால் பொருத்தினார். இறுகிய பனியில் மரம் வழுக்கியதுதான் காரணம். இப்போது நாம் தீட்டுவது அந்த யோசனையின் வளர்ச்சி.

மழுங்கிவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நகத்தைக் கேளுங்கள். விரல் நகத்தின் மேற்பக்கத்தை விளிம்பின் மேல் குறுக்காக வைத்து மெல்ல இழுத்தால், கூரான விளிம்பு நகத்தைச் சீவி வெள்ளையாகத் துளி தூள் எடுக்கும். மழுங்கியது வழுக்கிக்கொண்டு போகும். முனையில் ஒரு தடவை, பூட்ஸை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பைண்டிங்குக்கு நேர் கீழே ஒரு தடவை, வாலில் ஒரு தடவை பாருங்கள். பெரும்பாலும் காலுக்குக் கீழே இருக்கிற பகுதிதான் முதலில் மழுங்கும், எடை முழுவதும் அங்கேதான் இறங்குகிறது.

இன்னொரு வழி வெளிச்சம். மூலையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கூரான மூலைக்கு வெளிச்சத்தைத் திருப்பியனுப்ப இடமே இருக்காது, ஒன்றும் தெரியாது. மழுங்கியது உருண்டிருப்பதால் நூல் மாதிரி வெள்ளையாக மினுங்கும்.

விரலை விளிம்பின் நீளவாக்கில் ஓட்டிப் பார்க்கவே பார்க்காதீர்கள். சதை வெட்டுப்பட்ட பிறகுதான் கை சொல்லும்.

வருடத்துக்கு ஒரு முறை கடையில் கொடுத்துவிடுகிறேன். அது போதாதா?

கடை வேலைக்கு ஓர் இடம் உண்டு, அதை மறுக்கவில்லை. அடிப்பரப்பைச் சமமாக்குவதும், அடி முகத்தின் சாய்வைப் புதிதாக வைப்பதும் கல் இயந்திரம் செய்ய வேண்டிய வேலை. அதைச் சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒருமுறை செய்துவிட்டால் போதும்.

ஆனால் செயற்கைப் பனியில் இரண்டு நாள் சறுக்கினாலே அந்தக் கூர்மை குறையத் தொடங்கிவிடும். அதற்காக ஒவ்வொரு முறையும் இயந்திரத்தில் கொடுத்தால் எஃகு சீக்கிரம் கரைந்துபோகும். இருப்பதே இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். வைரக்கல்லால் வீட்டில் லேசாகத் தீட்டும்போது போகிற இரும்பு கண்ணுக்கே தெரியாது. கொஞ்சமாக, அடிக்கடி. நல்ல விளிம்பு நெடுநாள் நிற்பதற்கு எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

என்னென்ன வாங்க வேண்டும்?

முதலில் கோண வழிகாட்டி ஒன்று. உலோகத்தில் செய்த சின்னக் கட்டை, ஸ்கீயின் அடிப்பரப்பில் தட்டையாக உட்காரும், அரத்தையோ கல்லையோ சரியான கோணத்தில் பிடித்துக்கொடுக்கும். கோணத்தை மாற்றக்கூடிய பிளாஸ்டிக் வகையும் கிடைக்கும். நான் ஒரே கோணத்தில் நிலையாக இருக்கும் அலுமினிய வகையைத்தான் சொல்வேன், அதில் ஆட்டம் கிடையாது. இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அப்புறம் வைரக்கல். உலோகத் தகட்டின் மேல் வைரத்தூள் பதித்தது. 200, 400 என்று எண் போட்டிருக்கும், எண் கூடக் கூட நயம். இந்த இரண்டும் போதும். மனம் கேட்கவில்லையென்றால் 600 வாங்கிக்கொள்ளலாம். கல்லை வழிகாட்டியோடு சேர்த்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் கிளிப். தேய்ப்பு ரப்பர் ஒன்று, அதாவது உராய்வுத்தூள் கலந்த ரப்பர் கட்டி. ஓர் அலுமினியம் ஆக்சைடு கல். மார்க்கர் பேனா. ஸ்கீ பிரேக்கை, அதாவது பைண்டிங்கிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளை, மேலே இழுத்துக் கட்ட இரண்டு தடித்த ரப்பர் பேண்ட். வெட்டுத்தாங்கும் கையுறை.

அரத்தை இரண்டாவது வருடம் வாங்கிக்கொள்ளலாம். உண்மையில் அரம் அடிக்கடி தேவைப்படாது. கையில் அரம் இருந்தால் ராவிக்கொண்டே இருக்கத் தோன்றும், அதுதான் எனக்குப் பயம்.

ஸ்கீயைக் கவ்விப் பிடிக்கும் ஸ்கீ வைஸ் இருந்தால் வேலை சுகம். இல்லாவிட்டாலும் உறுதியான மேசை, இரண்டு மரக்கட்டை, இரண்டு கிளாம்ப் வைத்துச் சமாளிக்கலாம். ஸ்கீ அசையக் கூடாது. வேண்டியது அது மட்டுமே.

ஒருவர் 88 டிகிரி என்கிறார், இன்னொருவர் 2 டிகிரி என்கிறார். எது சரி?

இரண்டும் ஒன்றுதான். பக்க முகம் அடிப்பரப்புக்குச் செங்குத்தாக இருந்தால் 90. அதிலிருந்து 2 டிகிரி உள்ளே சாய்த்தால் 88, 3 டிகிரி சாய்த்தால் 87. உள்ளே சாயச் சாய மூலை கூர்மையாகும், ஐஸை நன்றாகக் கடிக்கும், அதேபோல் சீக்கிரம் மழுங்கவும் செய்யும்.

அடி முகத்துக்குத் தனிக் கணக்கு. அது பனியிலிருந்து சற்று மேலே தூக்கியிருக்கும். அரை டிகிரி முதல் 1 டிகிரி வரை வழக்கம். பொழுதுபோக்காகச் சறுக்குகிற நம்மைப் போன்றவர்களுக்கு அடியில் 1, பக்கத்தில் 2 என்பது நல்ல கூட்டு. போட்டிக்குப் போகிற பிள்ளைகள் பக்கத்தில் 3, அடியில் அரை என்று வைத்துக்கொள்வார்கள்.

உங்கள் ஸ்கீ தொழிற்சாலையிலிருந்து என்ன கோணத்தில் வந்தது என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்து, அதையே தொடருங்கள். காரணமில்லாமல் மாற்ற வேண்டாம்.

அடி முகத்தைத் தொடாதே என்று எப்போதும் சொல்வீர்களே, ஏன்?

ஏனென்றால் பக்க முகத்தில் தப்புச் செய்தால் அடுத்த வாரம் நாமே திருத்திக்கொள்ளலாம். அடி முகத்தில் செய்தால் வீட்டில் திருத்த வழியே இல்லை.

கணக்கு இப்படி. அடி முகம் 1 டிகிரி தூக்கியிருந்தால், ஸ்கீயை 1 டிகிரி சாய்த்ததும் விளிம்பு பனியைத் தொடும். ஒவ்வொரு முறையும் அடியில் அரம் போட்டால் அந்த 1 டிகிரி ஒன்றரையாகும், இரண்டாகும். அப்போது ஸ்கீயை இன்னும் கூடச் சாய்த்தால்தான் இரும்பு பனியில் இறங்கும். திருப்பத்தைத் தொடங்கியதும் ஒரு கணம் காலடியில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். தூக்கிய முகத்தைத் திரும்ப இறக்க முடியாது. இயந்திரத்தில் கொடுத்து முழு அடிப்பரப்பையும் அந்த அளவுக்குத் தேய்த்து இறக்க வேண்டும்.

நான் தீட்டப் பழகிய முதல் குளிர்காலத்தில் இதைத்தான் செய்தேன். வழிகாட்டி இல்லாமல், தட்டை அரத்தை அடிப்பரப்பில் வைத்துக் கைக்கணக்கில் ராவினேன். நகத்தில் வைத்தால் தூள் பறந்தது, அவ்வளவு கூர். மறுநாள் ஐஸில் இறங்கினால் இரண்டு ஸ்கீயும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனது. கூர் போதவில்லை என்று நினைத்து அன்றிரவு திரும்பவும் ராவினேன். மூன்று வாரம் இப்படியே போயிற்று. கடைசியில் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் எஃகுச் சட்டம் ஒன்றை அடிப்பரப்பின் குறுக்கே வைத்து, விளக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். நடுவில் வெளிச்சமே இல்லை. இரண்டு ஓரத்திலும் ஆப்பு மாதிரி வெளிச்சம். அந்த ஆப்பு இருக்கிறவரை எவ்வளவு தீட்டினாலும் பயனில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதைச் சரிசெய்ய இயந்திரம் தின்ற இரும்பில் பல வருடம் வீட்டில் தீட்டியிருக்கலாம்.

அதனால் அடி முகத்துக்கு நான் வைத்திருக்கிற விதி இதுதான். அரம் கிடையாது. அடி முகத்துக்கென்று இருக்கும் 1 டிகிரி வழிகாட்டியில் 400 எண் கல்லை வைத்து, எடை கொடுக்காமல் ஒரே ஒரு முறை ஓட்டுவேன், தீட்டும்போது மூலையில் புரண்டு நிற்கும் இரும்புப் பிசிறை எடுக்க மட்டும். அந்த வழிகாட்டி இல்லாதவர்கள் அதையும் செய்ய வேண்டாம்.

சரி, பக்க முகத்தை எப்படித் தீட்டுவது? முதலிலிருந்து சொல்லுங்கள்.

ஸ்கீ நன்றாகக் காய்ந்து, வீட்டுச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். அடிப்பரப்பைத் துடையுங்கள். மணல், உப்பு ஒரு துகள் இருந்தாலும் வழிகாட்டி அதன்மேல் ஏறிக் கோணம் கெட்டுவிடும். பிரேக்கை ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டுங்கள். ஸ்கீயை ஒருக்களித்து, தீட்டப்போகிற விளிம்பு மேலே வரும்படி நிறுத்துங்கள்.

இப்போது பக்க முகம் முழுவதும் மார்க்கரால் கறுப்பு மை பூசுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். 400 கல்லால் ஓர் இடத்தில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மையைப் பாருங்கள். மை முழு அகலத்துக்கும் ஒரே சீராகப் போயிருந்தால் உங்கள் வழிகாட்டியும் விளிம்பும் ஒரே கோணம். மூலைக்கு எதிர்ப்பாதியில் மட்டும், அல்லது மூலையில் மட்டும் போயிருந்தால் கோணம் பொருந்தவில்லை. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத அரை டிகிரி வித்தியாசத்தை இந்த மை காட்டிக்கொடுத்துவிடும். மூலையில் மட்டும் மை கரைந்தால் பெரிய பிரச்சினை இல்லை, அது தானாக நாளடைவில் விரியும். மூலையில் மை அப்படியே நின்று எதிர்ப்பாதியில் மட்டும் கரைந்தால், நீங்கள் எத்தனை தேய்த்தாலும் கடிக்கிற மூலை தொடப்படவே இல்லை என்று அர்த்தம்.

கோணம் பொருந்திவிட்டதா, 200 கல்லைத் தண்ணீரில் நனையுங்கள். தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டால் இரும்புத்தூள் கல்லில் அப்பாது. முனையிலிருந்து வாலை நோக்கி, ஒரு சாண் நீளத்துக்கு முன்னும் பின்னும் நாலைந்து தடவை. அடுத்த சாணை முந்தினதின் பாதியிலிருந்து தொடங்குங்கள், அப்போதுதான் இணைப்புத் தெரியாது. வழிகாட்டியை அடிப்பரப்போடு ஒட்டிவைப்பது ஒரு கை, கல்லை விளிம்போடு அணைப்பது மறு கை. அழுத்தம் விரல் கனம் போதும். அழுத்தினால் வைரம் உதிரும், விளிம்பு ஒன்றும் கூராகாது.

காதும் வேலை செய்யட்டும். ஆரம்பத்தில் கரகரவென்று கேட்கும். அடிபட்ட இடம் வந்தால் 'டக்' என்று ஒரு தட்டல். போகப்போக அந்தக் கரகரப்பு அடங்கி, துணி கிழிவது போல ஒரே இழையாகச் சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்ததும் நிறுத்திவிட்டு 400-க்கு மாறுங்கள். அதே மாதிரி ஒரு சுற்று. நான்கு விளிம்புக்கும் சேர்த்து, கை பழகிய பிறகு எனக்கு அரை மணிநேரம்கூட ஆகாது.

முடிந்ததும் துடையுங்கள். ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை. முனையிலிருந்து வாலுக்கு ஒரே திசையில் துடைத்தால் இரும்புத்தூள் அடிப்பரப்பில் புதையாது. புதைந்த தூள் பிறகு துருப்பிடித்துச் செம்புள்ளியாகத் தெரியும்.

அரத்தை எப்போது எடுப்பது?

வைரக்கல்லால் மூலை திரும்பி வராத அளவுக்கு உருண்டுவிட்டால். ஒரு சீசனில் ஒன்றிரண்டு தடவை. அரம் ஒரு திசையில் மட்டும்தான் வெட்டும். பிடி மாட்டுகிற வால் பின்னால் வருமாறு நகர்த்த வேண்டும். தள்ளுவதானால் வால் உங்கள் பக்கம், இழுப்பதானால் வால் எதிர்ப்பக்கம். திரும்ப வரும்போது தூக்கிவிடுங்கள், தேய்த்துக்கொண்டே வந்தால் பல் போய்விடும். சென்டிமீட்டருக்கு 16 பல் உள்ள அரம் வீட்டு வேலைக்குப் பொருத்தம். பல்லிடுக்கில் சேர்கிற தூளைக் கம்பி பிரஷ்ஷால் அடிக்கடி தட்டுங்கள். சிக்கிய ஒரு துகள் போதும், விளிம்பு நீளத்துக்குக் கோடு போட்டுவிடும். அரம் போட்ட பிறகு 200, 400 இரண்டையும் ஓட்டாமல் விடாதீர்கள்.

சரிவில் கிடந்த கல்லில் விளிம்பு உரசிய இடத்தில் அரம் வழுக்குகிறதே, ஏன்?

அந்த இடத்தை உற்றுப் பாருங்கள், கண்ணாடி மாதிரி மினுமினுக்கும். ஸ்கீ வேகமாகப் போகும்போது கல்லில் உரசினால் அந்த ஒரு புள்ளி கணப்பொழுதில் கொதித்து, பனியில் பட்டு உடனே குளிர்ந்துவிடுகிறது. கொல்லுப்பட்டறையில் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் தோய்ப்பார்களே, அதேதான். அந்த இடம் மட்டும் அரத்தைவிடக் கடினமாகிவிடும். மேலே அரத்தை ஓட்டினால் கிறீச்சிடும், அரத்தின் பல்தான் போகும்.

முதலில் அலுமினியம் ஆக்சைடு கல்லை நனைத்து, அந்தப் புள்ளியில் மட்டும் தேயுங்கள். மினுக்கம் போய்ச் சாம்பல் நிறம் வந்தால் கடின மேல்தோல் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு வழக்கம்போல வைரக்கல். உரசல் ஆழமாக இருந்து சின்னப் பள்ளம் மிச்சமிருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு சென்டிமீட்டர் பள்ளத்துக்காக மொத்த விளிம்பையும் தேய்த்து இறக்குவது நட்டம். அதோடு சறுக்கினால் ஒன்றும் தெரியாது.

பிசிறு என்றால் என்ன? அதை எடுக்காவிட்டால்?

தீட்டும்போது மூலையிலிருந்து இரும்பு நூலிழை மாதிரி மறுபக்கம் புரண்டு நிற்கும். அரிவாள்மனையைச் சாணை பிடித்துக் கொண்டுவந்ததும் காய் நறுக்கும்போது முதலில் சற்று இழுபடுமே, அந்தச் சமாசாரம். பிசிறோடு சறுக்கினால் ஸ்கீ நினைத்த இடத்தில் திரும்பாமல் பிடித்துப் பிடித்து இழுக்கும், அப்புறம் பிசிறு மடிந்து கூரும் போய்விடும்.

இருக்கிறதா என்று பார்க்க ஒரு துளிப் பஞ்சு போதும். விளிம்பின் மேல் ஓட்டுங்கள், பிசிறு இருந்தால் இழை சிக்கும். எடுப்பதற்கு, அடி முகத்தில் மேலே சொன்ன அந்த ஒற்றை ஓட்டம். அடி வழிகாட்டி இல்லாதவர்கள் தேய்ப்பு ரப்பரை மூலையில் 45 டிகிரியில் வைத்து, இறகு தொடுகிற மாதிரி ஒரு முறை. ஒரு முறைதான். நன்றாகத் தீட்டிவிட்டு, சுத்தமாக இருக்கட்டும் என்று ரப்பரால் நாலு தடவை அழுத்தித் தேய்த்துச் செய்த வேலையைத் தாங்களே அழிக்கிறவர்கள் நிறையப் பேர்.

முனையையும் வாலையும் வேண்டுமென்றே மழுக்க வேண்டும் என்கிறார்களே?

அது இடுப்பு ஒடுங்காத, நீளமான பழைய ஸ்கீகளின் காலத்துப் பழக்கம். இன்றைய ஸ்கீ முனையிலிருந்தே திருப்பத்தைத் தொடங்கும்படி செய்யப்பட்டது. முனை வளைந்து மேலே எழும்பி, பனியைத் தொடாமல் நிற்கும் பகுதியில் மட்டும் ரப்பரால் தேய்த்தால் போதும். அதுகூடத் தூக்கிச் செல்லும்போது கையை வெட்டாமல் இருக்கத்தான்.

விளிம்புக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக்கில் அரம் முட்டுகிறது. என்ன செய்வது?

அதற்குப் பக்கச்சுவர் என்று பெயர். தீட்டித் தீட்டி விளிம்பு உள்ளே போகும்போது சுவர் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், கல் அதன்மேல் ஏறி இரும்பைத் தொடாது. மார்க்கர் மை மூலையில் போகாமல் நிற்பதற்கு இதுதான் வழக்கமான காரணம். சுவரைச் சீவுவதற்கென்றே சின்ன இழைப்புளி மாதிரி ஒரு கருவி கிடைக்கும். வருடத்துக்கு ஒரு முறை போதும். பல நல்ல ஸ்கீகளில் விளிம்புக்கு மேலே மெல்லிய அலுமினிய அடுக்கும் உண்டு. அது வைரக்கல்லில் அப்பிக்கொண்டு கல்லைக் கெடுக்கும், எனவே அதையும் சேர்த்துச் சீவிவிடுங்கள். கருவி வாங்க மனமில்லையென்றால், கடையில் கொடுக்கும் அந்த ஒரு தடவை இதையும் செய்யச் சொல்லுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தீட்டுவது?

ஐஸிலோ செயற்கைப் பனியிலோ சறுக்கினால் ஒவ்வொரு நாளுக்குப் பிறகும் 400 கல்லால் ஒரு லேசான சுற்று. மெத்தென்ற புதுப்பனி என்றால் நாலைந்து நாள் தாங்கும். குளிர் கடுமையாகும்போது ஐஸும் கடினமாகும், மைனஸ் 20-இல் ஒரு நாள் சறுக்கினால் விளிம்பில் அது தெரியும்.

இடையில் இடதையும் வலதையும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு காலிலும் உட்பக்க விளிம்புதான் அதிகம் உழைக்கிறது. மாற்றினால் நான்கு விளிம்பும் சமமாகத் தேயும்.

வீட்டுக்கு வருவதற்குள் துருப்பிடித்துவிடுகிறது.

சாலை உப்புதான் காரணம். கார் கூரையில் ஸ்கீயை வெறுமனே கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் இரண்டு மணிநேரம் வந்தால், முன்னால் போகிற லாரி கிளப்புகிற உப்புத்தண்ணீர் முழுவதும் அதன்மேல்தான். முடிந்தால் காருக்குள் வையுங்கள், அல்லது உறை போட்டுக் கட்டுங்கள்.

வந்ததும் செய்ய வேண்டிய வேலை இரண்டு நிமிடம். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, பையைவிட்டு வெளியே நிறுத்திவிடுங்கள். ஜோடியாகச் சேர்த்துக் கட்டிய ஸ்கீயை ஈரப்பையில் ஒரு வாரம் விட்டால் இரண்டும் தொடுகிற இடம் சிவந்துவிடும். மேலோட்டமான துருவைத் தேய்ப்பு ரப்பர் எடுத்துவிடும். பள்ளம் விழுந்த துருவை எதுவும் எடுக்காது.

பிள்ளைகளின் ஸ்கீயையும் தீட்ட வேண்டுமா? அவர்கள் மெதுவாகத்தானே போகிறார்கள்?

கட்டாயம். இதை நான் கெஞ்சியே கேட்பேன். பிள்ளைக்கு எடை குறைவு, விளிம்பை ஐஸில் அமுக்க அந்த எடைதான் இருக்கிறது. மழுங்கிய விளிம்பு பெரியவர்களை வழுக்கவிடுவதைவிட அவர்களை அதிகம் வழுக்கவிடும். என் மகள் ஏழு வயதில் ஒரு முழு ஜனவரியும் சரிவின் பாதியில் உட்கார்ந்து அழுதாள். பெரியவர்கள் கொடுத்த பழைய ஸ்கீ, யாரும் அதைத் தீட்டிப் பார்க்கவில்லை, நானும்தான். தீட்டிக் கொடுத்த அன்றைக்கு இரண்டாவது திருப்பத்திலேயே திரும்பிப் பார்த்து, "அப்பா, இது நிக்குது!" என்றாள்.

பக்கத்தில் 1 அல்லது 2 டிகிரி போதும். பிசிறை மட்டும் மிகக் கவனமாக எடுங்கள், சின்னக் கைகள் ஸ்கீயை எங்கே வேண்டுமானாலும் பிடிக்கும். பள்ளிக்கூடப் பயணத்தில் வாடகை ஸ்கீ கொடுத்தால் நகத்தை வைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். மழுங்கியிருந்தால் வேறு ஜோடி கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

சமையலறைக் கத்தி தீட்டும் கல், ஆங்கிள் கிரைண்டர், இவற்றைப் பயன்படுத்தலாமா?

கிரைண்டர் வேண்டவே வேண்டாம். எஃகு சூடேறித் தன் கடினத்தை இழக்கும், விளிம்பை ஒட்டியிருக்கும் பசையும் விட்டுவிடும். கத்தி தீட்டும் கல் தட்டையாக இருந்து, வழிகாட்டியில் பொருந்தினால் கெடுதல் இல்லை. வழிகாட்டி இல்லாமல் எந்தக் கல்லும் வேண்டாம்.

ஸ்னோபோர்டுக்கும் இதே முறையா?

ஆமாம், கருவிகளும் அவையே. கிராஸ்-கன்ட்ரி ஸ்கீ வேறு. பாதை போட்ட தடத்தில் ஓடும் அந்த ஒல்லி ஸ்கீகளில் பெரும்பாலும் இரும்பு விளிம்பே கிடையாது, மெழுகு வேலை மட்டும்தான்.

தீட்டிய பிறகும் வழுக்குகிறது. என்ன தப்பு?

முதலில் பஞ்சை ஓட்டிப் பிசிறைத் தேடுங்கள். இல்லையென்றால் மார்க்கர் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள், கல் மூலையைத் தொடுகிறதா என்று. அதுவும் சரியென்றால் நேரான எஃகு ஸ்கேலை அடிப்பரப்பின் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓரங்களில் வெளிச்சம் அகலமாகத் தெரிந்தால் அடிப்பரப்பு நடுவில் புடைத்திருக்கிறது, அல்லது அடி முகம் அளவுக்கு மேல் தேய்ந்திருக்கிறது. நடுவில் வெளிச்சம் தெரிந்தால் விளிம்பு தூக்கி நிற்கிறது, அப்படிப்பட்ட ஸ்கீ பிடித்து இழுக்கும், திரும்ப மறுக்கும். இரண்டுமே இயந்திரத்துக்குப் போக வேண்டியவை.

கடைக்கே விட வேண்டிய வேறு சிலவும் உண்டு. விளிம்பு விரிசல் விட்டுப் பிதுங்கி நிற்பது, அடிப்பரப்பு விளிம்பை ஒட்டிக் கிழிவது. விழும்போது பூட்ஸ் கழன்றுகொள்ள வைத்திருக்கும் பைண்டிங்கின் விடுவிப்பு அளவை யாரும் வீட்டில் கையால் திருக வேண்டாம். முழங்கால் சம்பந்தப்பட்ட விஷயம் அது.

சீசன் முடிந்ததும் எப்படி வைப்பது?

கடைசி நாள் சறுக்கியதும் கழுவி, காயவைத்து, 400 கல்லால் ஒரு சுற்று தீட்டுங்கள். பிறகு மெழுகை உருக்கி அடிப்பரப்பில் தடிமனாகப் பூசி, விளிம்பின் மேலும் வழியவிடுங்கள். இரும்பைக் காற்றும் ஈரமும் தொடாமல் அது காக்கும். இதற்கென்றுள்ள மெழுகு இஸ்திரிப் பெட்டியைச் சுமார் 120 டிகிரியில் வைத்து, நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். துணி தேய்க்கும் பெட்டியில் சூடு ஏறி இறங்கும், பாலிஎத்திலீன் 130-ஐத் தாண்டினால் இளகத் தொடங்கிவிடும். மெழுகைச் சுரண்டாமல் அப்படியே விடுங்கள்.

சிமென்ட் தரையில் நேரடியாக நிறுத்த வேண்டாம், ஈரம் ஏறும். கீழே ஒரு பலகைத்துண்டு வைத்து, வீட்டுக்குள் காய்ந்த இடத்தில், இரண்டையும் இறுக்கிக் கட்டாமல் வையுங்கள். முதல் பனி விழுந்த வாரம் விளிம்பின் மேல் இருக்கிற மெழுகை முதலில் சுரண்டி, அடிப்பரப்பைப் பிறகு சுரண்டுங்கள். உள்ளே இரும்பு போன ஏப்ரலில் வைத்த அதே பளபளப்போடு இருக்கும்.